ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிப்பது எப்படி இருக்கும்?

கேள்வி: செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு செமஸ்டர் ஸ்பானிஷ் படிக்க சலமான்கா போகிறேன். ஏ2 என்ற அடிப்படை நிலை முடித்திருக்கிறேன். விடுதி, மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் ஃபிளாட், ஸ்பானிஷ் குடும்பத்தின் வீடு என்று மூன்று வழி சொல்கிறார்கள். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் ஐந்து மாதம் எப்படி இருப்பாய் என்று அம்மா பயப்படுகிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்:

குடும்பத்தோடு தங்குங்கள். மாட்ரிட் போகிறேன் என்று எழுதியிருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். சலமான்கா என்பதால் சொல்கிறேன். காரணம், மதியச் சாப்பாடு.

ஸ்பெயினில் நாளின் பெரிய சாப்பாடு மதியம் இரண்டு, இரண்டரை மணிக்குத்தான் தொடங்கும். காலை வகுப்புகள் முடிவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். மாட்ரிட் போன்ற பெரிய நகரத்தில் மெட்ரோ பிடித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது பலருக்கு முடியாத காரியம். அங்கே படிக்கும் மாணவர்கள் குடும்பத்தைப் பார்ப்பதே இரவு ஒன்பதரை மணிக்கு, எல்லோரும் களைத்துப்போய் ஒரு ஆம்லெட்டும் தயிரும் சாப்பிடும்போதுதான். சலமான்காவில் ஒன்றரை லட்சம் பேர்கூட இல்லை. பழைய நகரத்திலிருந்து பெரும்பாலான குடியிருப்புகளுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம். அதனால் தினமும் மதியம் வீட்டு மேஜையில் உட்கார முடியும். சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஆரஞ்சு உரித்துக்கொண்டும் காபி குடித்துக்கொண்டும் அரை மணி, சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்துக்கு சோப்ரெமேசா என்று தனிப் பெயரே உண்டு. உங்களுக்கு ஸ்பானிஷ் வரப்போவது அங்கேதான். நான் அங்கே படித்தபோது என்னோடு வந்தவர்களில் யாருக்கு மொழி சரளமாக வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்கு அல்ல, மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்களுக்குத்தான் வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சலமான்கா பல்கலைக்கழகம் 1218ல் தொடங்கியது, ஸ்பெயினில் இன்றும் இயங்கும் பல்கலைக்கழகங்களில் அதுவே பழமையானது. ஸ்பானிஷ் மொழிக்கு எழுதப்பட்ட முதல் இலக்கணத்தை நெப்ரிஹா என்ற அறிஞர் 1492ல் வெளியிட்டதும் இந்த ஊரில்தான். அந்தப் பெருமையே ஊருக்கு ஒரு தொழிலாகவும் ஆகிவிட்டது. உலகம் முழுவதிலிருந்தும் ஸ்பானிஷ் படிக்க மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாலையில் பிளாசா மயோர் சதுக்கத்துக்குப் போனால் கல் தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், பாதி வட்டங்களில் ஆங்கிலம்தான் ஓடும். விடுதியில் தங்கினால் நீங்களும் முதல் வாரமே அப்படி ஒரு வட்டத்தில் சேர்ந்துவிடுவீர்கள். நல்ல நட்பு கிடைக்கும், ஸ்பானிஷ் கிடைக்காது. ஊரில் உங்களோடு ஆங்கிலம் பேசவே முடியாத ஒரே இடம் அந்த வீட்டுச் சமையலறையாக இருக்கலாம். அதை விட்டுவிடாதீர்கள்.

சரி, அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். மாணவர்களை வீட்டில் வைத்துக்கொள்பவர்கள் யார் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். சலமான்காவில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய அம்மாக்கள்தான் இதைச் செய்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்காக மாட்ரிட் போயிருப்பார்கள், சிலர் கணவரை இழந்திருப்பார்கள், நீளமான நடைவழியும் மூன்று நான்கு அறைகளும் உள்ள பழைய ஃபிளாட்டில் அறைகள் காலியாகக் கிடக்கும். வருமானமும் வேண்டும், வீட்டில் ஆள் நடமாட்டமும் வேண்டும். பல்கலைக்கழகமோ மொழிப்பள்ளியோ அவர்களைப் பட்டியலில் சேர்த்து, நீங்கள் கட்டும் பணத்திலிருந்து அவர்களுக்குக் கொடுக்கிறது. சின்னக் குழந்தைகள் உள்ள இளம் தம்பதிகள் வீடும் கிடைக்கும், லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்கள் வீடும் கிடைக்கும்.

இது பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு என்பதை நீங்களும் மறக்க வேண்டாம், அம்மாவும் மறக்க வேண்டாம். அதனால் அறை குளிர்கிறது, சாப்பாடு போதவில்லை என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. அதே சமயம் அது ஹோட்டலும் இல்லை. தட்டை எடுத்து வைப்பது, மேஜை விரிப்பில் விழுந்த ரொட்டித் துகளை உதறுவது, படுக்கையைச் சரிசெய்வது எல்லாம் உங்கள் வேலை. சாப்பிட வர முடியாத நாளில் முன்னதாக ஒரு செய்தி அனுப்ப வேண்டும். உங்களுக்காகச் சமைத்துவிட்டு ஒருவர் காத்திருக்கிறார். ஒரு வீட்டில் நல்ல பெயர் வாங்குவதும் கெட்ட பெயர் வாங்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டியவை சில உண்டு. முழுச் சாப்பாடா, அரைச் சாப்பாடா? ஸ்பெயினில் பென்சியோன் கொம்ப்ளேதா என்றால் மூன்று வேளை, மெதியா பென்சியோன் என்றால் காலைச் சிற்றுண்டியும் இன்னொரு வேளையும். அரைச் சாப்பாடுதான் கட்டுப்படியாகும் என்றால் அந்த இன்னொரு வேளை மதியமாக இருக்கட்டும் என்று கேளுங்கள். அப்புறம், வீட்டில் வேறு மாணவர்கள் உண்டா, அவர்கள் எந்த மொழிக்காரர்கள்? ஒரே வீட்டில் ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் ஒரு வாரத்தில் மேஜையின் மொழி மாறிவிடும், வீட்டுக்காரம்மா டிவி பார்க்கத் தொடங்கிவிடுவார். ஒரு ஜப்பானிய மாணவியோ பிரேசில் மாணவியோ இருந்தால் கவலை இல்லை, உங்கள் இருவருக்கும் பொது மொழி ஸ்பானிஷாகத்தான் இருக்கும். அறையில் ரேடியேட்டர் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் போய் இறங்கும்போது வெயில் அடிக்கும், டிசம்பர் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு மேல் என்பதால் சாதாரண ஷெங்கன் விசா போதாது, மாணவர்களுக்கான நீண்டகால விசா வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டும் கணக்குக்கு ஸ்பெயின் அரசின் ஐப்ரெம் என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள், 2023 முதல் அது மாதம் 600 யூரோ. தங்குமிடத்துக்கு முன்பணம் கட்டிய சான்று இருந்தால் விண்ணப்பத்தில் உதவும். உங்கள் படிப்பு 180 நாளுக்குள் முடிவதால் அந்த விசாவே போதும். பிறகு மனம் மாறி முழு ஆண்டும் இருக்க நினைத்தால் வெளிநாட்டவர் அடையாள அட்டை எடுக்க வேண்டிவரும். அப்போது நகராட்சியில் இந்த முகவரியில் வசிக்கிறேன் என்று பதிந்த சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு வீட்டுக்காரரின் சம்மதக் கையெழுத்து தேவைப்படும். சில வீடுகளில் இதற்குத் தயங்குவார்கள். நீட்டிக்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இனி வீட்டுக்குள் போவோம். வாசலில் வரவேற்பவர் இரண்டு கன்னத்திலும் முத்தமிடுவது போல முகத்தைக் கொண்டுவருவார். பழக்கமில்லை என்றால் சிரித்துக்கொண்டு கையை நீட்டலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் நம் பிள்ளைகளுக்கு மிகவும் சங்கடமாக இருக்கும். பாட்டி வயதுள்ள பெண்மணியைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். முதல் நாள் உஸ்தெத், அதாவது நீங்கள் என்று மரியாதையாகவே தொடங்குங்கள். அவர் உடனே, என்னை தூ, அதாவது நீ என்றே சொல் என்பார். சொன்னபிறகு மாறிவிடுங்கள். மரியாதை என்று நினைத்து நீங்கள் உஸ்தெத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், இந்தப் பெண் ஒதுங்கியே நிற்கிறாளே என்று அவருக்குத் தோன்றும். ஆன்ட்டி என்ற நினைப்பில் தீயா என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். ஸ்பெயினில் இளம்பெண்கள் தோழிகளைக் கூப்பிடும் கொச்சைச் சொல் அது.

செருப்பு. இதை நான் எல்லா மாணவர்களிடமும் சொல்லி அனுப்புவேன். நமக்கு வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதுதான் ஒழுங்கு. அங்கே வெறுங்காலோடு நடப்பது சளி பிடிக்கும் காரியம், பார்க்கவும் அவர்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். துணியால் ஆன வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி அறையிலேயே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரம்மா நான் நடைவழியில் வரும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். சமையலறையிலிருந்தே "செருப்பு!" என்று குரல் வரும், அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

குளியலறைத் தரை ஈரமாகக் கூடாது. தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, தொட்டிக்குள் நின்று திரைச்சீலையை உள்பக்கமாக இழுத்துவிட்டுக் குளிக்க வேண்டும். பல பழைய வீடுகளில் கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் கழுவிக்கொள்வதற்கென்றே பிதே என்ற தாழ்ந்த தொட்டி இருக்கும், நமக்குப் பெரிய நிம்மதி. சுடுதண்ணீர் பல வீடுகளில் ஒரு சிலிண்டர் அளவுதான், ஒருவர் இருபது நிமிடம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர். மின்சாரத்துக்கும் வரம்பு உண்டு. ஒவ்வொரு வீடும் இத்தனை கிலோவாட் என்று ஒப்பந்தம் போட்டுத்தான் இணைப்பு வாங்குகிறது. 3.45 அல்லது 4.6 கிலோவாட் சகஜம். சமையலறையில் மின்சார ஓவன் ஓடும்போது நீங்கள் அறையில் ஹீட்டரும் முடி உலர்த்தியும் போட்டால் வீடு முழுக்க இருட்டாகிவிடும். 2021லிருந்து நேரத்துக்கு ஏற்ற கட்டணமும் வந்துவிட்டது. நள்ளிரவு முதல் காலை எட்டு வரையிலும் வார இறுதி நாட்களிலும் மலிவு. அதனால் உங்கள் துணியை சனிக்கிழமைதான் துவைப்பேன் என்று அவர் சொன்னால் அது கஞ்சத்தனம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். சலமான்கா மாநிலம் பன்றி இறைச்சிக்குப் பேர்போனது. கீஹுவேலோ என்ற ஊரின் ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை, ஸ்பெயின் முழுக்கப் பிரசித்தம். "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால், இறைச்சித் துண்டு சாப்பிட மாட்டாள் போலிருக்கிறது என்று புரிந்துகொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருப்புக் குழம்பில் மணத்துக்காகப் போட்ட சோரிசோ என்ற பன்றி சாசேஜை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இப்போது சாப்பிடு என்பார்கள். சாலட்டில் சூரை மீன் இருக்கும், அதை மீன் என்று எண்ணியே இருக்க மாட்டார்கள். கிரோக்கேதா என்ற பொரித்த உருண்டைக்குள் ஹமோன் துணுக்கு இருக்கும். காய்கறி சூப்பின் அடியில் கோழிச் சாறு இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் போல்வொரோன், மந்தெகாதோ என்ற மாவுப் பலகாரங்களைப் பன்றிக் கொழுப்பில் செய்வதுதான் வழக்கம். கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. அவர்கள் சமையலில் இவையெல்லாம் கறிவேப்பிலை போலக் கூடவே வருபவை.

ஆகவே பட்டியலாகச் சொல்லுங்கள்: "நோ கோமோ நி கார்னெ, நி போயோ, நி ஹமோன், நி பெஸ்காதோ, நி அதூன், நி கால்தோ தெ கார்னெ." இறைச்சி, கோழி, ஹமோன், மீன், சூரை மீன், இறைச்சிச் சாறு எதுவும் சாப்பிட மாட்டேன் என்பது இதன் பொருள். விண்ணப்பப் படிவத்திலும் இதையே எழுதுங்கள். முதல் நாள் சாப்பிட உட்காரும் முன் சமையலறையில் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள். முட்டையும் பாலும் சாப்பிடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் முகம் தெளிந்துவிடும். உருளைக்கிழங்கு ஆம்லெட் இருக்கும் வீட்டில் நீங்கள் பட்டினி கிடக்க மாட்டீர்கள்.

உண்மையில் சலமான்கா அடங்கிய காஸ்டியப் பகுதிச் சமையலில் நமக்கு ஏற்றது நிறையவே இருக்கிறது. ஊரை ஒட்டிய லா அர்முஞா என்ற வட்டாரத்தின் பருப்புக்கு ஊர்ப் பெயரோடு சட்டப் பாதுகாப்பே உண்டு, பக்கத்து சமோரா மாநிலத்தின் ஃபுவென்தெசௌகோ கொண்டைக்கடலைக்கும் அப்படியே. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொண்டைக்கடலை, பருப்பு, வெள்ளை பீன்ஸ் என்று ஏதோ ஒன்று மேஜைக்கு வரும். நான் இருந்த வீட்டில் பருப்பு வைக்கும் நாளில் அடுப்பில் இரண்டு சட்டி இருக்கும். பெரியதில் எல்லோருக்கும், சோரிசோவோடு. சின்னதில் எனக்கு, பூண்டு, கேரட், ஒரு பிரியாணி இலை, கடைசியில் எண்ணெயில் ஒரு நொடி புரட்டிய சிவப்பு மிளகாய்ப் பொடி. அந்தப் பொடி பக்கத்து லா வேரா பள்ளத்தாக்கில் மிளகாயை ஓக் விறகுப் புகையில் உலர்த்தி அரைப்பது, காரத்தைவிட புகை வாசம்தான் தூக்கும். பீன்ஸ் கொதித்து வரும்போது நடுநடுவே ஒரு கை குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொதியை அடக்குவார், தோல் உரியாமல் வேகும் என்பார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எடு, போடு, கிளறு, மூடு, தீயைக் குறை என்ற வினைச்சொற்கள் எல்லாம் மனப்பாடம் செய்யாமலே வந்துவிட்டன.

மேஜையில் கரண்டியும் கத்தியும்தான், ஆனால் ரொட்டியைக் கையால் பிய்க்கலாம். தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதை வீட்டில் யாரும் குறையாக நினைப்பதில்லை. இரண்டு கைகளும் மேஜை மேல் தெரிய வேண்டும், மடியில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கமில்லை. இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துவார்கள். உண்மையிலேயே வேண்டாம் என்றால் ஒன்றுக்கு மூன்று முறை நன்றி சொல்லி மறுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கட்டுமா என்று நீங்களே கேட்கலாம், சந்தோஷப்படுவார்கள். ஸ்பானியர்களில் பலருக்குக் காரம் சுத்தமாக ஆகாது, அதனால் மிளகாயை அறவே விட்டுவிடுங்கள். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, புகை இழுப்பானைப் போடுங்கள். பெருங்காய டப்பாவை இறுக்கமாக மூடி அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பேச்சு. ஏ2 நிலையில் போகிறீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் மேஜையில் நடக்கும் பேச்சில் கால்வாசிகூடப் பிடிபடாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே புகுவார், குரல் உயரும். சண்டை இல்லை, அது அவர்கள் பேசும் விதம். இடைவெளி வரட்டும், அப்போது பேசலாம் என்று காத்திருந்தால் ஜனவரி வந்துவிடும். தினமும் ஒரு சின்னச் சம்பவத்தைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள். பல்கலைக்கழக முகப்பின் கல் சிற்பங்களுக்கு நடுவே ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்கும், அதை யார் உதவியும் இல்லாமல் கண்டுபிடித்தால் படிப்பில் அதிர்ஷ்டம் என்பார்கள். இன்று தவளையைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று நீங்கள் தொடங்கினாலே போதும், மேஜையே பேசும். எங்கே பார்த்தாய், எந்தப் பக்கம் நின்றாய் என்று கேள்வி மேல் கேள்வி வரும், நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

திருத்தச் சொல்லிக் கேட்கும்போது ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் திருத்தினால் இருவருக்கும் பேச்சே அற்றுவிடும். சாப்பிடும்போது விட்டுவிடுங்கள், காபி வந்தபிறகு இரண்டு தப்பு மட்டும் சொல்லுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அது நன்றாக வேலை செய்தது. வீட்டில் கிடைப்பதும் வகுப்பில் கிடைப்பதும் வேறு வேறு. வகுப்பில் இறந்தகாலத்தில் கதை சொல்லப் பழக்குவார்கள். வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுவது கட்டளையும் கோரிக்கையும்: வந்து சேர்ந்ததும் சொல், குளிராமல் பார்த்துக்கொள், கதவைச் சாத்தாமல் போகாதே. அடுத்த நிலையான பி1ல் எல்லோரையும் திணறடிக்கும் சப்ஜங்டிவ் என்ற வினை வடிவம் இந்த வாக்கியங்களில்தான் குடியிருக்கிறது. "குவாந்தோ யேகெஸ், அவீசாமெ", அதாவது போய்ச் சேர்ந்ததும் சொல் என்று ஒருவர் உங்களை வழியனுப்பும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், இலக்கண ஆசிரியர் அந்தப் பாடத்தை எடுக்கும் நாளில் உங்களுக்கு அது பழைய விஷயமாக இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். காஸ்டியப் பகுதியில் சில வீடுகளில், அவளிடம் சொன்னேன் என்பதற்கு "லே திஹே" என்பதற்குப் பதில் "லா திஹே" என்பார்கள். பேச்சில் சாதாரணம், தேர்வில் பிழை. பின்னால் தெலே என்ற ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இந்த மாதிரி இடங்களை ஆசிரியரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்வை நடத்தும் செர்வாந்தெஸ் நிறுவனத்தின் மையம் புதுதில்லியில் 2009 முதல் இருக்கிறது. ஊர் திரும்பியபிறகும் எழுதலாம், சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது.

குளிர்காலத்தில் இன்னொரு பாக்கியம் கிடைக்கும். பழைய வீடுகளில் மேசா கமீயா என்ற வட்ட மேஜை ஒன்று இருக்கும், தரை வரை தொங்கும் கனத்த துணி போட்டு, அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருப்பார்கள். முன்பு அங்கே கரி நெருப்புத் தட்டு இருந்தது, இப்போது மின்சாரம். துணியைத் தூக்கி முழங்கால் மேல் போர்த்திக்கொண்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டால் எழ மனசு வராது. மூன்று மணிக்குச் செய்தி ஓடும், அப்புறம் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி. வீட்டுக்காரம்மா போட்டியாளருக்கு முன்னால் பதில் சொல்ல முயல்வார், நீங்களும் முயலுங்கள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊரில் இருப்பவர்களோடு வீடியோ காலில் பேசும் ஆசை இந்த நேரத்தில்தான் வரும். சலமான்காவில் மதியம் மூன்றரை என்றால் இங்கே குளிர்காலத்தில் இரவு எட்டு மணி, அம்மாவும் சரியாக அப்போதுதான் ஓய்வாக இருப்பார். தயவுசெய்து அம்மாவோடு பேசும் நேரத்தை வேறொரு வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே காலை எட்டு மணி என்பது இங்கே மதியம் பன்னிரண்டரை, வகுப்புக்கு நடந்துபோகும்போதே பேசிவிடலாம்.

மனம் நோகும் தருணங்களும் வரும், மறைக்க விரும்பவில்லை. இந்தியாவைப் பற்றி அவர்கள் டிவியில் பார்த்தது கங்கைக் கரையும் வறுமையும் குழந்தைத் திருமணமும்தான் என்றால் அதையே கேட்பார்கள். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும் இந்தியர் என்ற பொருளில் உங்களை இந்து என்று சொல்வார்கள், ஸ்பானிஷில் அது நெடுநாளாக உள்ள வழக்கு. நிறத்தைப் பற்றிப் பாசமாகச் சொல்வதாக நினைத்து ஏதாவது சொல்லக்கூடும். அறியாமையில் வரும் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொன்னால் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். பதில் சொல்லச் சொல்ல உங்கள் ஸ்பானிஷும் வளரும். ஆனால் உங்களைச் சிறுமைப்படுத்தும் பேச்சு தொடர்ந்து வந்தாலோ, அறைக்குள் அனுமதியில்லாமல் யாராவது நுழைந்தாலோ, சாப்பாட்டில் சொன்ன கட்டுப்பாட்டை மதிக்காவிட்டாலோ, குளிரில் சூடேற்ற மறுத்தாலோ பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண் வீட்டுக்காரர் மனம் புண்படுமே என்று ஒரு குளிர்காலம் முழுவதும் கோட்டு போட்டுக்கொண்டே தூங்கினாள். வீடு ஒதுக்கும் ஒருங்கிணைப்பாளர் இருப்பதே இதற்குத்தான். நேரில் போய்ச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். வீட்டை மாற்றிக்கொள்வது அங்கே அவமானமான விஷயமே இல்லை.

இரவில் வெளியே போவதைப் பற்றி அம்மா கேட்பார். ஊரில் மாணவர்கள் நடுநிசி தாண்டியும் தெருவில் இருப்பார்கள், பழைய நகரத்தில் கூட்டமும் வெளிச்சமும் இருக்கும். வீட்டுக்காரம்மா நீங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் வருவீர்களா மாட்டீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புவார். கதவுப் பூட்டை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று முதல் நாளே பகலில் கற்றுக்கொள்ளுங்கள். ஏதாவது ஆபத்து என்றால் 112, ஸ்பெயின் முழுவதும் எல்லா அவசரத்துக்கும் அந்த ஒரே எண்தான்.

அன்பளிப்பாக என்ன கொண்டுபோகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். ஒரு நல்ல கைத்தறி மேஜை விரிப்பு போதும். தினமும் விரிக்கும் வீடு அது, பயன்படுத்துவார்கள்.

கடைசியாகப் பணம் கட்டும் முறை. ஐந்து மாதத்துக்கும் மொத்தமாகக் கட்டச் சொன்னால், நடுவில் வீடு மாற நேர்ந்தால் மீதிப் பணம் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதாமாதம் கட்டும் வசதி இருந்தால் அதையே எடுங்கள். அக்டோபர் முடிவில் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அதற்குள் அந்த மேஜையில் நீங்கள் வாய்விட்டுப் பேசத் தொடங்கியிருந்தால் ஜனவரி வரை அங்கேயே இருந்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருங்கிணைப்பாளரிடம் வேறு குடும்பம் கேளுங்கள், விடுதிக்கு மட்டும் மாறிவிடாதீர்கள்.